இரண்டு வெள்ளை நாய்கள்

பிரிண்டரின் வாயிலிருந்து முதலில் இரண்டு காதுகள் வெளியே வந்தன.

அல்ஃபியாவால் உட்கார முடியவில்லை. துடைத்து முடித்த போட்டோக் கடைக் கண்ணாடியையே மறுபடி துடைத்தாள். வாசல்வரை போய்த் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். காதுகளைத் தொடர்ந்து நெற்றி, மூக்கு, மார்பு என ஒரு வெள்ளை நாய் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

கான்சாபுரத்துக் கருத்தையா வளர்க்கும் நாய் அது. சென்ற வாரம் இதே படத்தை வாங்கிப் பார்த்தவர், கடை அதிரச் சிரித்தார்.

"ஏலே ஆசிக், எம் புள்ளைய ஊருணியில முக்கி எடுத்தியாலே? பாசி புடிச்சில்ல கெடக்கு."

கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு மை ஒன்றே போதும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பிரிண்டரோ எல்லா மைகளையும் கலந்துதான் சாம்பல் நிறத்தைச் சமைக்கும். ஏதேனும் ஒரு மை சற்றே கூடினால் வெள்ளை நாயும் பச்சை பூசிக்கொள்ளும்.

அந்தப் பச்சை அவள் கணவன் ஆசிக்கின் கண்ணுக்குத் தெரியாது. பிறவியிலிருந்தே அவனுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். தாயையும் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத செய்தி அது.

அதனால்தான் திருமணமான நாள்தொட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து இராஜபாளையம் கடைக்கு அவனுடைய வண்டியின் பின்னிருக்கையில் அவளும் வந்தாள். சிக்னலில் பச்சை விழுந்ததும் அவன் தோளைத் தட்டுவாள். எந்த விளக்கு மேலே, எது கீழே என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவள் தட்டும்வரை வண்டி நகராது.

கடையில் ஒவ்வொரு படத்தையும் அவளிடம் நீட்டி, "எப்படி இருக்கு?" என்பான். அதுவரை அவளிடம் யாரும் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அவள் காய்ச்சலில் படுத்த நாளில்தான் நாய் பச்சையானது.

மறுவாரமே ஆசிக் ஓர் அளவுக் கருவி வாங்கிவிட்டான். வெளுப்பு முதல் கறுப்பு வரை சாம்பல் கட்டங்களை வரிசையாக அச்சிட்டு, காயவைத்து, ஒவ்வொன்றின் மீதும் கருவியை வைத்து அளந்தான். அந்த மைக்கும் அந்தத் தாளுக்கும் என்றே ஒரு புரொஃபைல் பிறந்தது. எந்த மையை எவ்வளவு குறைப்பது என்பதை இனி அதுவே பிரிண்டருக்குச் சொல்லும்.

இன்று காலை மாமியார் ரஹ்மத்துன்னிசா அவள் தட்டில் இட்லியை வைத்தபடி சொன்னார்.

"மிஷினுக்குத்தான் கண்ணு வந்திருச்சே. இந்தப் படம் மட்டும் சரியா வந்துட்டா, நாளையிலருந்து வீட்டுல இரும்மா. வெயில்ல எதுக்கு அலையுத?"

அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று.

நாயின் வாலும் வந்து விழுந்தது. ஆசிக் தாளை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தான். அவளிடம் நீட்டவில்லை.

அவளே போய் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"லேசா பச்ச அடிக்குதுங்க."

ஆசிக் படத்தை மேசையில் கிடத்தி, கருவியை நாயின் மார்பில் வைத்தான். காதில் வைத்தான். திரையில் எழுந்த எண்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அல்ஃபியாவின் கை துடைக்கும் துணியைத் தேடியது.

"சரி, இன்னொன்னு போட்டுப் பாப்போம்."

பிரிண்டர் மீண்டும் இரைந்தது. மீண்டும் காதுகள், மீண்டும் மூக்கு. இந்த முறை மை காயுமுன்னே தாளை அவளிடம் நீட்டினான்.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப சரியா இருக்கு," என்றாள்.

கைபேசி ஒலித்தது. அவனுடைய அம்மாதான். காதில் வைத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தான்.

அல்ஃபியா திரையைப் பார்த்தாள். அதே புரொஃபைல், அதே தாள், அதே அளவு. அவன் எதையும் மாற்றியிருக்கவில்லை.

மேசையின் மேல் இரண்டு வெள்ளை நாய்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கொன்று வேறுபாடே இல்லை. முதல் நாயிலும் பச்சை இருந்ததே இல்லை.

வாசலில் ஆசிக்கின் குரல் கேட்டது.

"இல்லம்மா, மிஷினு மட்டும் பத்தாது. இவ வரணும்."