பக்கத்துத் தடம்

ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் கூட்டம் குறையும்வரை காத்திருந்துவிட்டு அவள் போய் நின்றாள்.

"மறுபடியும் வந்துட்டீங்களாக்கா?" என்றாள் உள்ளே இருந்த சின்னவள். மூன்று மாதம் முன்புவரை தேசிய அளவிலான ஓட்டப்பந்தயங்களில் ஓடிக்கொண்டிருந்தவள் இந்தச் சின்னவள்.

"நாளையிலேர்ந்து பயிற்சிக்கு வா. முதல் வாரம் மெதுவா ஓடினாப் போதும்."

"எனக்கு மனசு விட்டுப்போச்சு. எத்தனை வருஷம்தான் ரெண்டாவதாவே வர்றது? இந்த வேலையில நிம்மதியா இருக்கேன்."

"முழங்கால் வலின்னா டாக்டரைப் பார்க்கலாம். காலையில எழுந்திருக்க முடியலைன்னா நானே வந்து எழுப்புறேன்."

"வேண்டாங்க்கா. விட்டுடுங்க."

வந்தவள் தலைகுனிந்து வாசல் பக்கம் நடந்தாள். பக்கத்து கவுண்டர்க்காரர் கேட்டது காதில் விழுந்தது.

"உன் கோச்சா அவங்க? பாவம், இவ்வளவு கெஞ்சுறாங்களே."

"கோச் இல்ல சார். ஒன்பது போட்டியிலயும் என்னைத் தோக்கடிச்சு முதல்ல வந்தவங்க."

வாசலை நெருங்கியவள் நின்றாள். திரும்பி வந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"நீ என்னை முந்திடுவேங்கிற பயத்துலதான் தினமும் எழுந்து ஓடினேன். இப்ப பக்கத்துத் தடத்துல யாருமில்ல. ஷூவை மாட்டிக்கிட்டு மைதானத்துப் படிக்கட்டுல உட்கார்ந்திருந்துட்டு வீட்டுக்குப் போயிடுறேன். மூணு மாசமா இப்படித்தான்."

சின்னவள் அன்றுதான் முதல்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என்னைப் பார்த்தா பயந்தீங்க?"

"ஒன்பது தடவையும்."

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அஞ்சு மணிக்கு எனக்கு ஷிஃப்ட் முடியும். அதுவரைக்கும் இருப்பீங்களாக்கா?"