ஒரு கை குறைகிறது

வாருங்கள், மக்களே, ஒரு வீட்டுக் கூடத்தில் பட்டப்பகலில் நடக்கும் அநீதியைக் கண்ணாரக் காணுங்கள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் வீடியோ கேசட்டில் அரசியல் தொடர் பார்க்கிறார். ஓட்டுநர்களுக்கு ஓய்வு நேரம் கேட்கும் மசோதா அதில் வாக்கெடுப்புக்கு வருகிறது. எத்தனை முறை போட்டாலும் அது ஒரே ஒரு வாக்கு குறைவாகத் தோற்கிறது. அவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஓய்வின்றி ஓட்டி, ஸ்டீயரிங்கிலேயே கண்ணயர்ந்த அவர் தம்பி, ஒரு காலைப் பறிகொடுத்துப் படுக்கையில் கிடக்கிறான்.

"எவன்டா அவன், கையத் தூக்காம உக்காந்திருக்கிறவன்?" என்று திரையைத் திட்டினார்.

"டிவிகிட்ட நல்லா வீரம் பேசுங்க," என்றாள் மனைவி. "பணிமனையில இதே ஓய்வுக்குத்தான் இப்ப கை தூக்கச் சொல்றாங்க. நீங்க போகல."

"நான் ஒருத்தன் போயி என்ன ஆகப்போகுது?"

கேசட்டைப் பின்னோக்கி ஓட்டி மறுபடியும் போட்டார். உறுப்பினர்கள் கை உயர்த்தினார்கள். எப்போதும் நிரம்பியிருந்த அவையில் இன்று ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முதுகில் ஒரு சீருடைச் சட்டை தொங்கியது. கிழிந்த பையில் மனைவி போட்ட பச்சை நூல் தையல் தெளிவாகத் தெரிந்தது. ஓட்டுநர் கதவுப் பக்கம் திரும்பினார். சட்டை மாட்டும் ஆணி வெறுமையாக இருந்தது.

அவைத் தலைவர் முடிவை அறிவிக்கவில்லை. "இன்னும் ஒருவர்," என்று சொல்லிக் காத்திருந்தார். கேசட் ஓடித் தீர்ந்தது. தலைவர் திரையில் அப்போதும் காத்திருந்தார்.

ஓட்டுநரின் கை மடியிலேயே கிடந்தது. மக்களே, உங்கள் சட்டை ஆணியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை மாட்டிக்கொண்டு, வாக்கெடுப்பு முடியுமுன் போய்க் கையை உயர்த்துங்கள்.