இரண்டு வாளி ஹோலர் பழம்

மூக்கை மறைத்துக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாத்தனார் சென்ஸி வீட்டுப் பழைய கக்கூஸுக்குப் பின்னால் நின்றிருந்தாள் ரோஸ்வீத்தா. தலைவலி என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் நின்றுகொண்டவள் அவள். புருஷன், நாத்தனார், ஊர் மொத்தமும் கோயிலில் இருந்தது.

எதிரே, மலக்குழியின் உரத்தில் கொழுத்து வளர்ந்த ஹோலர் புதர். வெளியூர்க்காரர்கள் எல்டர்பெர்ரி என்பார்களே, அந்தக் கருநீலப் பழம்தான். கொத்துக்கு நாலு ஈ மொய்த்தது. உச்சிக் கிளைகளைக் கருங்குருவிகள் ஏற்கெனவே காலி செய்து, தின்றதையெல்லாம் ஊதா எச்சமாய்க் கூரைமேல் கழிந்து வைத்திருந்தன.

"கர்மம், கர்மம்" என்று முனகியபடியே கைக்கு எட்டிய கொத்தை ஒன்று விடாமல் பறித்தாள். விரலெல்லாம் பிசுபிசுத்தது.

ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மாநிலத்தில் அவளுடையதைப் போலச் சுத்தமான ஹோலர் தோட்டம் கிடையாது. கல்யாணமான வருஷம் தன் கையால் நட்ட முந்நூறு மரம். வரிசைக்கு வரிசை வைக்கோல் பரப்பி வைத்திருந்தாள்; மழையில் நடந்தாலும் காலில் சேறு ஒட்டாது. பிள்ளை இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கிவிட்டு விதை எண்ணெய்க்குப் பூசணி போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான் புருஷன் எங்கெல்பெர்ட்.

அவன் காட்டு ஹோலரைக் கண்டால் தொப்பியைக் கழற்றுகிற பரம்பரை. தங்கை வீட்டுக் கக்கூஸ் புதருக்கும் அந்த மரியாதை உண்டு. அதில் கத்தி வைத்தால் குடும்பம் விளங்காது என்பான்.

"தானா முளைச்சதுலதான் சத்து. நீ நட்டு வளக்குறது வெறும் தண்ணி" என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தோட்டத்துப் பழம் ஒரு வாளி, சென்ஸியின் காட்டுப் பழம் ஒரு வாளி. பண்ணைப் பள்ளி ஆசிரியர் ஹேர்சர் இரண்டையும் சோதிப்பார். தோட்டத்துப் பழத்தில் சத்து குறையவில்லை என்றால் மரங்கள் நிற்கும். குறைந்தால் பூசணி.

ரோஸ்வீத்தா தைரியமாகத்தான் ஒப்புக்கொண்டாள். ஆனால் தண்ணீரும் உரமும் காட்டி வளர்த்த பழம் பருக்கும், சத்து நீர்த்துப்போனாலும் போகும் என்று அதே ஹேர்சர் ஒரு கூட்டத்தில் பேசியது பிறகு நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. அதனால்தான் இந்தக் கைக்குட்டை, இந்தத் தலைவலி.

வீட்டுக்கு வந்து, முள்கரண்டியால் பழங்களைக் காம்பிலிருந்து உருவினாள். மூன்று தண்ணீர் விட்டு அலசியும் அந்த நாற்றம் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. திங்கள் காலை, 'தோட்டத்துப் பழம்' என்று சீட்டு ஒட்டி ஹேர்சரிடம் கொடுத்தாள்.

சென்ஸி மூச்சு வாங்க, ரொம்பத் தாமதமாக வந்து சேர்ந்தாள். வாளியை ஏப்ரனால் மூடியிருந்தாள், மரச்செருப்பெல்லாம் வைக்கோல். பன்றிக் கொட்டிலிலிருந்து நேரே வந்திருப்பாள், காலைக்கூடக் கழுவவில்லை என்று ரோஸ்வீத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஹேர்சர் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்து முடிவைப் படித்தார். சர்க்கரை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. புளிப்பு, வைட்டமின் சி, முக்கியமாக அந்தக் கருநீலச் சாயச்சத்து, எல்லாமே சென்ஸி வாளியில் ஒன்றரைப் பங்கு. இப்படி ஒரு பழத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

எங்கெல்பெர்ட் வீட்டுக்குள்ளேயே தொப்பியைக் கழற்றினான்.

திருடியும் சொத்தையைத்தான் திருடியிருக்கிறோம், நல்லதையெல்லாம் நாத்தனார் முன்னாலேயே பறித்து வைத்துக்கொண்டாள் என்று நினைத்தபோது, புருஷனைவிட, நாத்தனாரைவிட, தன்மேல்தான் ரோஸ்வீத்தாவுக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை மண்வாரி இயந்திரம் வந்தது. மரத்துக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நசுங்கிய பழங்களின் சாறு வைக்கோலில் ஊறி ஓட, ஈக்கள் இங்கேயும் வந்துவிட்டன. வேலியைப் பிடித்தபடி ரோஸ்வீத்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி மரம் சாய்ந்தபோது சென்ஸி பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள்.

"அண்ணி, மனசு கேக்கல. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

ரோஸ்வீத்தா திரும்பவில்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து பாத்தா, எந்தப் பாவியோ என் புதரை மொட்டையடிச்சிட்டுப் போயிருந்தான். ஒரு பழம் இல்ல. வெறுங்கையோட வந்தா அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

ரோஸ்வீத்தா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ வாளியில கொண்டாந்தது?"

"உங்க தோட்டத்துப் பழம்தான் அண்ணி."