கட்டைவிரலின் தனிக்குடித்தனம்

“நகப்பூச்சை அழிச்சுடலாம், காலை நீட்டுங்க” என்று நர்ஸ் சொன்னதும் அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

கைவிரல்களை வீட்டிலேயே துடைத்துவிட்டு வந்திருந்தாள். காலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

“கல்லு இருக்கிறது பித்தப்பையில. அதுக்குக் கால் எதுக்கு?”

“ஆபரேஷன்னா எல்லா நகத்தோட நிறமும் தெரியணும்மா. நீட்டுங்க.”

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கணவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். மாமனாரும் எழுந்து வெளியே போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பஞ்சில் சிவப்பு ஏறியது. சுண்டுவிரல் சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்ததும்.

கட்டைவிரலில்தான் பூச்சு அடுக்கடுக்காக இருந்தது. நர்ஸ் அழுத்தித் தேய்த்தாள்.

அடியில் இருந்த நகம் மஞ்சளாய்த் தடித்து, ஓரத்தில் சுண்ணாம்புபோல உதிர்ந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது புதிதில்லை. குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, பழைய பூச்சை அழித்த கையோடு புதியதைப் பூசிவிடுவாள். நகத்தைச் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. பொட்டளவு மஞ்சள் புள்ளியாக அது தொடங்கியபோது மாமனார் அவர்களோடு தங்க வந்திருக்கவே இல்லை.

அவர் வந்து, அதே குளியலறையில் குளித்து, அதே கால்மிதியில் கால் துடைத்து, அதன்பிறகுதான் அவருடைய கட்டைவிரல் நகம் மஞ்சளானது.

அன்று பேசியது ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

“பாப்பா புழங்குற இடம் மாமா. நீங்க பின்னாடி இருக்கிற பாத்ரூமையே வச்சுக்கோங்க. கால்மிதியும் தனியா இருக்கட்டும்.”

“சரிம்மா” என்றார். அவ்வளவுதான்.

“அப்பா, உங்க கட்டைவிரலைத் தனிக்குடித்தனம் வச்சுட்டா பாருங்க!” என்று கணவன் சிரித்தான்.

அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மாமனார் டாக்டரிடம் போய் மருந்து வாங்கி வந்தார். நெயில் பாலிஷ் மாதிரியே சின்ன பாட்டில், மூடியில் குட்டித் தூரிகை, உள்ளே நிறமில்லாத மருந்து. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து நகத்தை ராவி ராவிப் பூசுவார். அடியிலிருந்து புது நகம் முளைத்து முழுசாக வெளியே வர ஒரு வருடம்கூட ஆகுமாம். அவர் அலுத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒருநாள் அந்த மருந்து பாட்டில் அவளுடைய நெயில் பாலிஷ் கூடையில் கிடந்தது.

“உங்கப்பாவுக்குக் கால் மருந்தை வைக்க என் கூடைதான் கிடைச்சுதா?” என்று கணவனிடம் கத்திவிட்டு, டிஷ்யூ காகிதத்தால் பிடித்துக் குப்பையில் போட்டாள். சில வாரம் கழித்து இன்னொன்று கிடந்தது. அதையும் போட்டாள்.

“மறதிம்மா” என்றார் மாமனார்.

இப்போது அவர் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். பெட்டி கட்டியாகிவிட்டது. இவளுடைய ஆபரேஷனுக்காகத்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டார். அங்கே இருப்பது ஒரே பாத்ரூம்தானாம். “எல்லாரும் ஒண்ணாப் புழங்கிக்கலாம்” என்று அவர் சொன்னபோது குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

“இது பூஞ்சைத் தொத்தும்மா” என்றாள் நர்ஸ். “ரொம்ப நாளாவே இருக்கும் போலிருக்கே. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?”

கணவன் மருந்துப் பையோடு உள்ளே வந்தான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார். “எனக்கு இருந்துச்சு சிஸ்டர். என்கிட்டேர்ந்துதான் ஒட்டியிருக்கும்.”

நர்ஸ் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். செருப்புக்குள் நகம் இளஞ்சிவப்பாக மின்னியது.

“உங்களுது பளிச்சுன்னு இருக்கே!”

“விடாம பூசினேன். கொஞ்சம் பொறுமை வேணும், அவ்வளவுதான்.”

கணவன் முகத்தைச் சுளித்தான். “இதுக்குத்தான்ப்பா அவ அன்னிக்கே படிச்சுப் படிச்சு சொன்னா. கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா?”

“தப்புதான்டா.”

அந்தத் ‘தப்புதான்டா’வை அவளால் தாங்க முடியவில்லை.

“இல்லீங்க” என்றாள். “எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. என்கிட்டேர்ந்துதான் மாமாவுக்கு...”

கணவன் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன சிஸ்டர், மயக்க மருந்தை அதுக்குள்ள குடுத்துட்டீங்களா? உளற ஆரம்பிச்சுட்டா” என்றார் மாமனார்.

“இன்னும் குடுக்கவே இல்லையே சார்!”

அவர் எழுந்து வந்து, போர்வையை இழுத்து அவள் பாதங்களை மூடினார். ஓரத்தை மெத்தைக்கடியில் செருகியும் விட்டார்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஊருக்குப் போயிடாதீங்க மாமா.”

“முதல்ல நீ போயிட்டு வா” என்றார்.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. கூரை விளக்குகள் தலைக்குமேல் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின.

அவருடைய மருந்து பாட்டில் எப்போதும் பின்கட்டு ஜன்னலில், வைத்த இடத்திலேயே இருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

கூடவே, டிஷ்யூவால் பிடித்துக் குப்பையில் எறிந்த அந்த இரண்டு பாட்டில்களும். இரண்டிலும் மூடியைச் சுற்றியிருந்த சீல் உடையவே இல்லை.