பாவுக்கு அடியில்

இது நான் நேரில் பார்த்ததல்ல. எங்கள் தெருக் கிருஷ்ணம்மாள் சொன்னது. கோபத்தில் சொன்னதால் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

நெசவாளி வீரபாகுவின் வீட்டுக்கு அவள் போனபோது அவன் தறியில் இருந்தான். தறியிலிருந்து சுவர் வரை நீளவாக்கில் இழுத்துக் கட்டிய சிவப்புப் பட்டு இழைகளான பாவுக்கு அடியில், அவன் மகள் தேவகி பாயில் மல்லாந்து கிடந்தாள். எட்டு வயது. முகத்துக்கு ஒரு சாண் மேலே இழைகள்.

"இன்னாப்பா இது, குழந்தையைக் கொண்டாந்து இங்க போட்டுக்கினு?"

"முதுகெலும்புல ஆபரேஷன் பண்ணப் போறாங்கக்கா. அப்புறம் மாசக்கணக்குல அசையாம படுக்கணுமாம். அசைஞ்சா எலும்பு ஒட்டாதாம், நடையே போயிடுமாம். இப்பவே பழக்குன்னாரு டாக்டரு."

"அதுக்கு வேற இடமே இல்லியா?"

"வேற எங்க போட்டாலும் எழுந்துடுது. இங்கன்னா பட்டு அறுந்துடும்னு பயந்துக்கினு கிடக்கும்."

அந்த நேரம் தேவகிக்கு இருமல் வந்தது. அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. கை மேலே போய், நாலைந்து இழைகள் அறுந்தன.

"அறுத்துட்டேன்பா." அழுதபோதும் அவள் தலையைத் தூக்கவில்லை.

வீரபாகு மகளைப் பார்க்காமல் இழைகளை முடிந்தான். "முதலாளிக்கு நீ பதில் சொல்வியா? கையை ஒடம்போட வச்சிக்கினு படு."

கிருஷ்ணம்மாளுக்குத் தாங்கவில்லை. "பெத்த பொண்ணைவிட உனக்குக் கூலி ஒசத்தியா போச்சா? நல்லா இருப்பேப்பா நீ."

அவன் ஊடை நூல் சுற்றிய நாடாவை அடுத்த பக்கம் தள்ளினான்.

தெருவே அதைப் பேசியது. தேவகியை மெட்ராஸுக்கு அழைத்துப் போன அன்று வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. அவள் இன்னும் அங்கே மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள். நடப்பாளா என்று டாக்டர்கள் சொல்லவில்லை.

கேட்டதை அப்படியே எழுத மனம் வராமல், பட்டு முதலாளி கலியாணசுந்தரத்தைப் போய் விசாரித்தேன்.

"வீரபாகுவா? நான் கொடுத்த நல்ல பாவு ஒண்ணை, பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் வேணாம்னு திருப்பிட்டான். சாயம் நிக்காத பாவு ஒண்ணைக் கழிச்சுப் போட்டிருந்தேன். அதைக் கேட்டு வாங்கிக்கினு போனான்."

"அதை நெய்தால் விற்குமா?"

"தண்ணி பட்டா சாயம் ஓடிடும், எவன் வாங்குவான்? கூலி கிடையாதுன்னு சொல்லித்தான் கொடுத்தேன். குழந்தை கை பட்டு அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும்னான். ஆனா நெய்யாம சும்மா கட்டி வச்சா பொண்ணு நம்பாதுன்னு, முழுப் புடவையும் நெய்து முடிச்சான்."