இரண்டு பொத்தான்கள்

"எதை அமத்துறது, பிள்ளை?" கதிர்காமுவின் விரல் மடிக்கணினியின் தொடுதிரைக்கு மேலே வட்டமிட்டது.

ஊர்காவற்றுறையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் அவர். திரையில் இருந்தது கலியாணத் தரகர் தம்பையாவின் இணையப் பக்கம். சுவிஸ் மாப்பிள்ளையின் படம். கீழே ‘சம்மதம்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். பக்கத்தை உருவாக்கியவள் அவர் மகள் துஷாந்தி. எதைச் சொடுக்கினால் எந்தச் செய்தி போகவேண்டும் என்று ஒவ்வொரு பொத்தானுக்கும் நிரல் எழுதிப் பிணைத்தவளும் அவள்தான்.

"இடப்பக்கம், அப்பா. சம்மதம்."

"நேற்றுவரைக்கும் ஏலாது எண்டு அழுதனீ?"

அழுதது உண்மை. முதல்நாள் கதைத்தபோதே, "உம்மடை போன் பாஸ்வேர்டைத் தாரும், இனி எல்லாம் நான்தான் பார்ப்பன்" என்றவன் அந்த மாப்பிள்ளை. அப்பாவோ, "ஒளிக்க என்ன கிடக்கு? குடுமன்" என்று முடித்துவிட்டார்.

"இப்ப யோசிச்சனான். கெதியா அமத்துங்கோ."

"பிறகு மாத்தலாமோ?"

"ஏலாது. ஒருக்கா அமத்தினால் ரெண்டு பட்டனும் வேலை செய்யாது. வாக்கு மாத்துற ஆக்கள் கூடிப்போச்சு எண்டு தம்பையா மாமாதான் அப்பிடிச் செய்யச் சொன்னவர்."

விரல் சம்மதத்தின் மேல் வந்து நின்றது. துஷாந்தி மூச்சை அடக்கினாள். விரல் விலகியது.

"அவையள் சீதனத்துக்குச் சுருவில் ஊரிலை கிடக்கிற எங்கடை வளவுக் காணியையும் சேர்த்தெல்லே கேக்கினம்?"

"குடுங்கோவன், அப்பா!"

"விசர்க்கதை கதையாதை! கேட்ட விலைக்கு ஓம் எண்டவன் எந்தச் சந்தையிலை பிழைச்சவன்? முதல் ‘வேண்டாம்’ எண்டு எழும்பி நடக்கோணும். பின்னாலை ஓடிவந்து, வளவை விட்டுக்குடுப்பினம். அப்ப போனிலை ஓம் எண்டுவம்."

"ஐயோ, அதை அமத்தாதேங்கோ!" அவர் கையை எட்டிப் பிடித்தாள்.

"பயப்பிடாதை. சம்பந்தம் குழம்பாது." அவர் சிரித்துக்கொண்டே கையை உதறி, ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தினார்.

இரண்டு பொத்தான்களும் மங்கின. சற்றைக்கெல்லாம் அவருடைய கைபேசி அடித்தது. மறுமுனையில் மாப்பிள்ளையின் தகப்பன்.

"உங்கடை சம்மதம் கிடைச்சுது, சம்பந்தி! வளவை எப்ப எழுதுவம்?"

அப்பா எப்படியும் சம்மதத்தைத்தான் அழுத்துவார் என்று நம்பி, காலையில் இரண்டு பொத்தான்களின் நிரலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பிணைத்து வைத்திருந்த துஷாந்தி, மங்கிய பொத்தான்களை மாறிமாறி அழுத்தினாள்.