தொப்பூர் இறக்கத்தில் ஒரு சீர்ப் பெட்டி

“பித்தளைன்னா என்னென்னண்ணா குடுத்திருக்கீங்க?”

கோயிலில் கல்யாணம் முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரம். மாப்பிள்ளையின் தாய் ஆரோக்கியம்மாள் இப்படிக் கேட்டதும் பெண்ணைப் பெற்ற யாகப்பன் தோள் துண்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

“குடம், தவலை, தாம்பாளம்... எல்லாம் பொட்டிக்குள்ள இருக்குதுங்க.”

டிரெய்லரில் ஏற்றியிருந்த இரும்புப் பெட்டியை ஆரோக்கியம்மாள் விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு தன் சனங்கள் பக்கம் திரும்பினாள்.

“நீங்க எல்லாரும் பஸ்ஸுல போங்க. சவரி, மாப்பிள்ளயா இருந்தா என்ன, நீயும் போ. பொருளோட நான் வரேன்.”

தெருப் பெண்கள் முகவாயில் கை வைத்தார்கள்.

“பொருளுக்குக் காவலு! பாவம் இசபெல்லா, இந்த மாமியாகிட்ட என்ன பாடு படப்போறாளோ.”

எழுபத்திரண்டாம் வருஷம் அது. மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப், பின்னால் ரெண்டு சக்கர டிரெய்லர். அந்த ஊரில் சீர் போக அதைவிடப் பெரிய வண்டி கிடையாது.

டிரைவர் பச்சியப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

“பொட்டிய வாலுப்பக்கம் வெச்சிருக்கீங்க. கனம் சக்கரத்துக்கு முன்னால இருக்கணுங்க. இல்லன்னா எறக்கத்துல டிரெய்லரு ஆடும்.”

“எறக்கறப்போ சுலுவா இருக்கட்டும்ப்பா. நானே எறக்கிக்கறேன்” என்றார் யாகப்பன் அவசரமாக.

யாகப்பனும் இசபெல்லாவும் ஆரோக்கியம்மாளும் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். தொப்பூர் கணவாயில் அப்போது ஒரே ரோடு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். இறக்கத்தில் வண்டி கொஞ்சம் வேகம் எடுத்ததுமே டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. ஜீப்பின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. எதிரே ஒரு லாரி ஏறி வந்தது.

“மாதாவே!” என்று இசபெல்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிரேக்கப் போடுப்பா!” என்று கத்தினார் யாகப்பன்.

“இப்ப போட்டா டிரெய்லரு மடிஞ்சு நம்ம மேலயே வந்துருங்க!”

பச்சியப்பன் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டான். லாரி உரசாமல் கடந்தது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. ஒரு புளியமரத்தடியில் வண்டி நின்றது.

“பொட்டிய முன்னால தள்ளாம நான் இனி எடுக்க மாட்டங்க.”

யாகப்பனும் அவனும் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

“தொறங்க. பாத்திரத்த எடுத்துட்டு நவுத்தலாம்.”

யாகப்பன் நகரவில்லை. பெட்டியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“தொறங்கண்ணா” என்றாள் ஆரோக்கியம்மாள்.

மேலே ரெண்டு சேலை. அடியில் முழுக்கக் கருங்கல்.

இசபெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். யாகப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“மழ இல்லீங்க சம்பந்தி... கடலச்செடி பூராவும் காஞ்சு போச்சு. அடுத்த வெள்ளாமைக்குள்ள எப்படியாச்சும்...”

“கல்லத் தூக்கிப் பள்ளத்துல போட்டுட்டா வண்டி லேசாயிடும்” என்றான் பச்சியப்பன் மெதுவாக.

“முன்னால கனம் இருந்தா ஆடாதுன்னு நீதான சொன்ன? கல்ல எறக்கு. பொட்டிய முன்னால வெச்சுட்டுத் திரும்பவும் அடுக்கு.”

சொன்னதோடு நிற்காமல், ஆரோக்கியம்மாளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லைத் தூக்கிக் கொடுத்தாள். மிச்ச இறக்கம் முழுக்க டிரெய்லர் அசங்காமல் வந்தது.

ஊரில் பெட்டியை இறக்க நாலு பேர் சேர வேண்டியிருந்தது. ஓரகத்தி ராயம்மாள் ஓடி வந்தாள்.

“அடேயப்பா, என்னா கனம்! தொறந்து காட்டுக்கா.”

“எல்லாம் பித்தளை. எம் மருமவ பொட்டிய அவதான் தொறக்கணும். உள்ள கொண்டுபோய் வைங்கடா.”

அடுத்த வெள்ளாமைக்கு யாகப்பன் ஒரு குடம் கொண்டுவந்தார். ஆரோக்கியம்மாள் பெட்டியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புறக்கடையில் போட்டுவிட்டு, குடத்தை உள்ளே வைத்தாள். தவலை வந்தபோது இன்னொரு கல். இப்படியே ஒவ்வொன்றாக, யாருக்கும் தெரியாமல், பெட்டி நிஜமாகவே பித்தளையால் நிறைந்தது.

அந்தக் கற்களில் ஒன்றின்மேல் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருநாள் இசபெல்லா கேட்டாள்.

“அன்னிக்கு உங்களுக்குக் கோவமே வரலயா அத்தை?”

“எதுக்குக் கோவம்? தட்டுனப்பவே கல்லுன்னு தெரியும். அதான கூட்டத்த பஸ்ஸுல ஏத்துனேன்.”

“தெரிஞ்சும் ஏன் அத்தை...?”

துவைத்த சேலையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கிக்கொண்டே ஆரோக்கியம்மாள் சொன்னாள்:

“நான் இந்த ஊட்டுக்கு வந்த அன்னிக்கு, எம் பொட்டிய நடுத்தெருவுல வெச்சுத் தொறந்தாங்கம்மா.”